ஒன்பதுக்கு முன்னால் வந்த பத்து

வெள்ளவத்தை,
ஒக்டோபர் 21.

அன்புள்ள தம்பி யோகநாதனுக்கு,

அக்கா அன்னபாக்கியம் எழுதுவது. இங்கே நான் சுகம். என் இடது முழங்கால் மட்டும் இந்த விஷயத்தில் வேறு அபிப்பிராயம் வைத்திருக்கிறது. நீயும் ரஜனியும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் தடிமன், இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனிடம் சொல்லி வருகிறேன். நீ எடுத்துத் தந்த கனடா விசாவும் நவம்பர் பதினான்காம் திகதி டிக்கெட்டும் வந்து சேர்ந்தன. டிக்கெட்டில் என் பெயர் ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் இருந்தது. இது அபூர்வம் என்பதால் முதலில் அதற்கு என் பாராட்டு.

புதன்கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தரம் கேட்டேன். "அக்கா, உங்களுக்கென்ன விசரே? இந்த வயசில கொட்டாஞ்சேனையில பாம்பு வளர்க்கிற கொம்பனியில வேலையாம். உண்மையோ?" என்று கேட்டிருந்தாய். பதில் பேசாத போனோடு கதைக்க எனக்கு வராது. ஆகவே எழுதுகிறேன். எங்கள் கம்பனியில் வேலை செய்யும் தேனுஜன் இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். வலது மேல் மூலையில் இலக்கம் போட்டிருக்கிறேன். அந்த ஒழுங்கில் வாசி. பாம்பு இல்லை. மற்றதெல்லாம் உண்மை.

தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவளுக்கு ஓய்வு என்றால் என்ன தெரியுமா? திருத்துவதற்கு யாரும் பிழை கொண்டுவந்து தராமல் போவது. முதல் வருஷம் பால்மா பைக்கற்றில் இருந்த பிழைகளைத் திருத்தினேன். பிறகு கல்யாணக் கார்டுகள், மரண அறிவித்தல்கள், காலி வீதியில் ஒட்டியிருந்த டியூஷன் விளம்பரங்கள். இந்த நிலைமையில்தான் மே மாதம் எங்கள் கட்டடத்து லிஃப்டில் நிர்வாகக் குழு ஓர் அறிவித்தல் ஒட்டியது. "தாங்கி கழுவப்படுவதால் ஞாயிறு காலை எல்லா மாடிகளிலும் கண்ணீர் வராது" என்று அதில் இருந்தது. ஞாயிறு காலையில் யாரும் அழப்போவதில்லை என்பது நல்ல செய்திதான். ஆனாலும் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வந்தவர்கள் தண்ணீரைப் பற்றித்தானே சொல்ல வேண்டும். பையிலிருந்த சிவப்புப் பேனையை எடுத்து, கீழ்த்தளத்திலிருந்து ஐந்தாம் மாடிக்கு லிஃப்ட் ஏறி முடிவதற்குள் ஏழு பிழையைத் திருத்திவிட்டேன். பின்னேரம் கதவு மணி அடித்தது. திறந்தால், நாலாம் மாடி நுஹா, அந்த அறிவித்தலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குழுவின் செயலாளர் அவள்தான். முப்பது வயதிருக்கும், தலையில் முக்காடு, காதில் போன்.

"ஆன்ட்டி, இத நீங்களா திருத்தின?"

"ஓம் பிள்ளை. ஏழு பிழை இருந்தது."

"எட்டு ஈக்கி, ஆன்ட்டி. திகதியும் பிழை. இந்த ஞாயிறு பன்னெண்டு, பதினொண்டு இல்ல."

தம்பி, முப்பத்தொரு வருஷத்தில் என் முகத்துக்கு நேரே ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. உள்ளே வந்து இரு பிள்ளை என்று சொல்லி, தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். தேத்தண்ணி முடிவதற்குள் எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

வேலை என்னவென்று கேட்பாய். கொட்டாஞ்சேனையில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே, இரண்டு அறையில் நுஹாவின் கம்பனி. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற கெட்டிக்காரர்கள் சேர்ந்து, சும்மா கொடுப்பதற்கென்றே ஒரு டேட்டாபேஸ் செய்து வைத்திருக்கிறார்கள். டேட்டாபேஸ் என்றால் விபரங்களை அடுக்கி வைக்கிற அலுமாரி என்று நினைத்துக்கொள். ஆனால் அது கழற்றிய பலகையும் ஆணியுமாகத்தான் வந்து சேரும். வைத்தியசாலைக்காரரோ நூலகக்காரரோ அதைத் தாங்களாகப் பொருத்திப் பூட்ட முடியாது. எங்கள் கம்பனி அந்தப் பலகைகளை எல்லாம் ஒன்றாகப் பொதி கட்டி, எப்படிப் பூட்டுவது என்று தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் ஒரு கைந்நூலும் வைத்துக் கொடுக்கிறது. தமிழ்க் கைந்நூலில் பிழை பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் ஏறி, கடலைப் பார்த்துக்கொண்டே போய், மருதானையில் இறங்கி ஓட்டோ பிடித்தால் ஐம்பது நிமிஷம். வாரத்தில் நாலு நாள். நீ பயப்படுகிற மாதிரி நான் பஸ்ஸில் தொங்குவதில்லை.

முதல் நாள் கைந்நூலைத் திருத்திக் கொடுத்தேன். நுஹா அதைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இதுல எழுதீக்கிற மாதிரியே இந்தக் கம்பியூட்டர்ல செஞ்சி பாருங்களேன். எழுதாத ஒண்டும் செய்ய வேணாம்," என்றாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகச் செய்து வந்தேன். ஆறாவது வரி "இப்போது காத்திருக்கவும்" என்று இருந்தது. காத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள், நான் காத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்தார்கள், காத்திருந்தேன். இரண்டரை மணிக்குத் தேனுஜன் என்னைக் கடந்து போகும்போது, "அன்ரி, இது பன்ரெண்டுக்கு முதலே முடிஞ்சுதே. ஏன் அடுத்ததுக்குப் போகேல்லை?" என்று கேட்டான். "எது வரைக்கும் காத்திருக்க வேணுமெண்டு நீங்கள் எழுதேல்லையே தம்பி," என்றேன். இந்தத் தேனுஜன்தான் அங்கே தலைமைப் பொறியியலாளர்; நம்முடைய கோண்டாவில் பக்கம், நல்ல பிள்ளை, ஆனால் சாப்பிட மறந்துவிடுவான். அவன் நுஹாவைப் பார்த்தான், நுஹா அவனைப் பார்த்தாள். அன்றிலிருந்து, கம்பனியிலிருந்து எந்தப் பொதி வெளியே போவதென்றாலும் முதலில் நான் பூட்டிப் பார்க்க வேண்டும் என்று சட்டம். "ஒங்களுக்கு ஒண்டும் தெரியாது ஆன்ட்டி. அதுதான் எங்களுக்கு வேணும்," என்று நுஹா சொன்னாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த நற்சான்றிதழ் அதுதான். நீ சிரிக்காதே.

இப்போது பாம்புக்கு வருகிறேன். அந்த அலுமாரியைப் பூட்டுகிற கருவிகள் பைத்தன் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டவை; ஆங்கிலத்தில் பைத்தன் என்றால் மலைப்பாம்பு. அந்த மொழிக்கு வருஷத்துக்கொரு புதுப் பதிப்பு வரும். ஒவ்வொரு கருவியும் தனக்கு இன்ன பதிப்புத்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கும். உனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், போன வருஷம் நான் பிறஷர் குக்கருக்கு வாஷர் வாங்கப் புறக்கோட்டைக்குப் போனேன். "இப்ப வாறது புது மொடல் வாஷர்தான். உங்கட குக்கருக்கு அது இறுகாது," என்றார் கடைக்காரர். புது வாஷருக்காகப் புதுக் குக்கர் வாங்கினால் அந்தக் குக்கர் என் அடுப்பில் இருக்காது. அடுப்பை மாற்றினால் காஸ் சிலிண்டரின் குழாய் பொருந்தாது. ஒரு வாஷரில் தொடங்கிக் குசினியையே இடித்துக் கட்ட வேண்டி வரும். பொதி கட்டுகிறவர்களின் முழுப் பாடும் இதுதான். எந்த வாஷர் எந்தக் குக்கருக்கு என்று பார்த்துப் பார்த்தே தேனுஜனுக்கு முப்பத்திரண்டு வயதில் முன்னந்தலை வெளித்துவிட்டது.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று கிராண்ட்பாஸ் பக்கத்திலுள்ள ஒரு கண் சிகிச்சை நிலையம். யாருக்கு எந்தக் கண்ணில் வெண்புரை, எந்த நாளில் சத்திரசிகிச்சை என்ற விபரமெல்லாம் நாங்கள் கொடுத்த அலுமாரிக்குள்தான் இருக்கிறது. இந்த மாதம் எட்டாம் திகதி அவர்கள் புதுக் கம்பியூட்டர்கள் வாங்கி, பழையதை ஒரேயடியாக அனுப்பிவிட்டார்கள். மறுநாள் புதன்கிழமை நாங்கள் புதுப் பொதியைக் கொண்டுபோய்ப் பூட்டப் போனால், பொதி பூட்டுப்பட மறுத்துவிட்டது. "உங்களிடம் உள்ள பைத்தன் பழையது, 3.9 அல்லது அதற்குப் பிந்தியது தேவை" என்று திரையில் ஒரு வரி. அந்தக் கம்பியூட்டரில் இருந்ததோ 3.10. ஒன்பதுக்குப் பிறகுதான் பத்து. அப்படியானால் இருப்பது புதியது. பிறகு ஏன் பழையது என்கிறது? அந்தக் கம்பியூட்டருக்குள் எங்கேயோ இன்னொரு பழைய பைத்தன் கிடக்கிறது, பொதி அதைத்தான் பார்த்துவிட்டுச் சொல்கிறது என்று தேனுஜன் முடிவு கட்டினான். தேடத் தொடங்கினான். கிடைக்கவில்லை. சரி, 3.9ஐயே கொண்டுவந்து பூட்டுவோம் என்று பூட்டினான். அப்போது பொதிக்குள் இருக்கிற இன்னொரு கருவி, எனக்கு 3.10 தான் வேண்டும் என்று நின்றுவிட்டது. இரண்டையும் வைத்தான். ஒன்றின் இடத்தில் மற்றது போய் இருந்துகொண்டு இரண்டும் வேலை செய்யவில்லை. புதன், வியாழன், வெள்ளி போய்விட்டது. சிகிச்சை நிலையத்தில் பெயர்களை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். யாருக்கு வலது, யாருக்கு இடது என்பது நோயாளிகளின் ஞாபகத்தில் மட்டும்தான். திங்கட்கிழமைக்குள் பட்டியல் திறக்காவிட்டால் அந்த வாரத்துச் சத்திரசிகிச்சை எல்லாவற்றையும் தை மாதத்துக்குத் தள்ளுவதாகப் பெரிய டொக்டர் சொல்லிவிட்டார்.

இதற்குள் எங்கள் கட்டடத்தில் இன்னொரு கூத்து. வெள்ளிக்கிழமை நான் மீன் வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறும்போது தேனுஜன் போன் எடுத்தான். கையில் மீன் பை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். "அன்ரி, பழைய பைத்தன் ஒண்டு எங்கயோ ஒளிச்சுக் கிடக்கு. மூண்டு நாளாத் தேடுறன். நீங்கள் புதன்கிழமை வீட்டை கொண்டுபோனதுக்குள்ள ஏதும் இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ," என்றான். நான் வீட்டுக்குக் கொண்டுபோனது பரிசோதனைக்கான பழைய மடிக்கணினி. ஆனால் அது என் பக்கத்தில் நின்ற மூன்றாம் மாடி ஒஸ்வால்டுக்கு எப்படித் தெரியும்? பாவம், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது, மனைவி இல்லை. கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் வயலின் வாசிக்கிறவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, இசை நோட்டு தெரியாமல் இப்போது குத்துமதிப்பாக வாசிக்கிறார். கண் தெரியாதே தவிரக் காது நன்றாகக் கேட்கும். மூன்றாம் மாடியில் இறங்கிப் போனார். அரை மணித்தியாலத்தில் கீழேயுள்ள செக்குரிட்டிக்காரர் நீளத் தடியோடு படிக்கட்டில் ஏறி வந்தார். ஆறாம் மாடியில் ஒரு தாய், கட்டிலின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தாவாம். அது எறும்புக்குச் செய்வது என்று யாரும் சொல்லவில்லை. ஒஸ்வால்டின் மகள் நிலூஷா உங்கள் ஊரில் ரஜனியோடு பழக்கம் என்பதை நான் மறந்துவிட்டேன். செய்தி உன்னிடம் வந்த வழி அதுதான்.

சனிக்கிழமை காலை நான் வேலைக்குப் புறப்பட்டபோது லிஃப்டில் ஒரு புது அறிவித்தல். "கட்டடத்தில் மலைப்பாம்மு ஒன்று இருப்பதாகச் சந்தேகம். குடியிருப்பாளர்கள் கவணம்" என்று. நான் பேனையை எடுத்து "ம்மு"வை "ம்பு" ஆக்கினேன், "கவண"த்தைக் "கவன"மாக்கினேன். முற்றுப்புள்ளி வைத்துவிட்டுக் கீழ்த்தளத்தில் இறங்கி, வாசல் தாண்டி, ஒழுங்கையில் பாதித் தூரம் நடந்த பிறகுதான் அது என்னைப் பற்றியது என்று உறைத்தது. திரும்பிப் போய் விளக்கம் சொல்ல நேரமில்லை. ஸ்டேஷனில் ரயில் வந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில் படியேறும்போதே சத்தம் கேட்டது. நுஹாவும் தேனுஜனும் சண்டை. நுஹா சத்தம் போட்டு அன்றுதான் கேட்டேன்.

"பழசு வேணுமெண்டா பழசையே பூட்டுங்க தேனுஜன். திங்கக்கிழமை அந்த டொக்டருக்கு நான் என்னத்த சொல்ற?"

"பழசைப் பூட்டினா மற்றது செத்துப்போகும் எண்டு பத்துத் தரம் சொல்லிப்போட்டன்."

"அப்ப மத்ததத் தூக்குங்க."

"அதைத் தூக்கினா அலுமாரியே இல்லை, நுஹா."

அவன் கண் சிவந்து, சேர்ட் கசங்கி, மேசையில் நேற்று வாங்கிய பனிஸ் கடிபடாமல் கிடந்தது. நுஹா யன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினாள். இந்தச் சிகிச்சை நிலையம் கைவிட்டுப் போனால் மற்றவர்களும் போவார்கள், ஹாட்வெயார் கடைக்காரர் மேல்மாடியைத் தன் பெயின்ற் வாளிக்குத் திரும்பக் கேட்பார் என்று எனக்கும் தெரியும். எனக்கோ இதில் ஒன்றும் விளங்காது. விளங்காதவள் செய்யக்கூடியதைத்தான் நானும் செய்தேன். "தம்பி, அந்தப் பொதி பழசு புதுசு பார்க்கிற இடத்தைக் கடதாசியில அடிச்சுத் தாரும். திரையில எனக்குப் பிழை தெரியாது," என்றேன்.

"அது நிரல், அன்ரி. உங்களுக்கு விளங்காது."

"விளங்க வேண்டாம். அடிச்சுத் தாரும்."

வேண்டா வெறுப்பாக மூன்று பக்கம் அச்சடித்துத் தந்தான். முதலிரண்டு பக்கமும் உண்மையாகவே ஒன்றும் விளங்கவில்லை. எந்த வரிக்கும் முற்றுப்புள்ளி இல்லை, அதை மன்னித்தேன். மூன்றாம் பக்கம், பொதி ஓடும்போது தான் என்ன நினைக்கிறது என்று தானே எழுதிவைக்கிற குறிப்பு. அதில் தனக்குத் தெரிந்த பைத்தன் பதிப்புகளைப் பழையதிலிருந்து புதியது வரை வரிசைப்படுத்தியிருந்தது. 3.10, 3.7, 3.8, 3.9. அதன் கீழே: ஆகப் புதியது 3.9.

தம்பி, அச்சகத்தில் நான் சேர்ந்த வருஷமே இந்தப் பிழையைச் சந்தித்திருக்கிறேன். ஒரு சட்டப் புத்தகம். மூன்றாம் அத்தியாயம், பத்துப் பிரிவு. 3.10ஐக் கொண்டுபோய் 3.1க்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். புள்ளியைக் கண்டவுடன் தசமம் என்று நினைத்துவிடுவார்கள். மூன்று தசம் ஒன்று பூச்சியமும் மூன்று தசம் ஒன்றும் சமம்தானே. ஆனால் அத்தியாய இலக்கத்தில் புள்ளி தசமம் இல்லை, வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் பத்து. நான் பேனையை எடுத்து 3.10ஐச் சுற்றி வட்டம் போட்டு, அம்புக்குறி கீறி, 3.9க்குப் பின்னால் கொண்டுபோய் விட்டேன். ஓரத்தில் "இடம் மாறியுள்ளது" என்று எழுதினேன்.

"தேனுஜன், ஆர் இந்தப் பத்தை ஒன்பதுக்கு முன்னால வைச்சது?"

அவன் வாங்கிப் பார்த்தான். நின்றபடியே பார்த்தான். பிறகு கதிரையைத் தேடாமல் நிலத்தில் இருந்துவிட்டான். எனக்குப் பயமாகிவிட்டது; சாப்பிடாத பிள்ளை, மயக்கமோ என்று நினைத்தேன்.

"ஒளிச்சுக் கிடந்த பழைய பைத்தன் ஒண்டும் இல்லை, அன்ரி," என்றான், மிக மெதுவாக. "இதுக்கு எண்ணத் தெரியேல்லை. நாலு நாள். நாலு நாள் அன்ரி."

நுஹா யன்னல் பக்கத்திலிருந்து வந்து, கடதாசியைப் பார்த்து, என்னைப் பார்த்து, சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணீரைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். தேனுஜனும் நிலத்தில் இருந்தபடியே சிரித்தான். கீழேயிருந்து ஹாட்வெயார் முதலாளி ஏணிப்படியில் தலையை நீட்டி, "மொகத உனே?" என்று சிங்களத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். அதைச் சிங்களத்தில் விளக்க எனக்கு வார்த்தை வரவில்லை. "தஹய ஹம்புனா," என்றேன். பத்து கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பத்து ரூபாயோ என்று அவர் நிலத்தைப் பார்த்துவிட்டுப் போனார். திருத்துவதற்குத் தேனுஜனுக்குப் பத்து நிமிஷம் போகவில்லை. பிறகு நான் கைந்நூலைப் பிடித்துக்கொண்டு வரி வரியாகப் பூட்டினேன். காத்திருக்க வேண்டிய இடத்தில், எழுதியிருந்தபடி பச்சை அடையாளம் வரும்வரை காத்திருந்தேன். வந்தது. கீழே போய் மூன்று பேருக்கும் புரியாணி வாங்கி வந்தோம். தேனுஜன் முதலில் தன்னுடையதையும், பிறகு என்னுடையதில் பாதியையும் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை காலை சிகிச்சை நிலையத்தில் பட்டியல் திறந்தது. அந்தப் பட்டியலில் வியாழக்கிழமைக்கு யாருடைய பெயர் இருந்தது தெரியுமா? எங்கள் ஒஸ்வால்டுடையது. கொப்பியில் அவருக்கு வலது கண் என்று எழுதியிருந்தார்களாம். பட்டியலில் முதலில் இடது. வெள்ளிக்கிழமை கட்டு அவிழ்த்துக்கொண்டு வந்தவர், லிஃப்டில் என்னைக் கண்டதும் அந்த ஒரு கண்ணால் கூர்ந்து பார்த்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"மிஸ், நீங்க இவ்வளவு வயசா? நான் ஒரு அம்பது இருக்கும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்," என்றார்.

"பாம்பும் இல்லை, ஐம்பதும் இல்லை, ஒஸ்வால்ட்," என்றேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். நேற்று ஞாயிறு பூசைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நோட்டைப் பார்த்து வாசிக்கப் போகிறேன், வந்து கேளுங்கள் என்றார். போனேன். தம்பி, எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு நாளும் அவர் வாசித்ததுதான் பாட்டு என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் ஆறு பக்கம் சுற்றி வந்தேன். நான் கனடாவுக்கு வரவில்லை. கோபப்படாதே. அக்கா தனியே இருக்கிறா, விழுந்தால் தூக்க ஆளில்லை, இங்கே வந்தால் ஒரு அறையில் சும்மா இருக்கலாம் என்று நீ நினைத்தது பாசத்தில்தான். ஏப்ரலில் நீ கேட்டபோது நானும் ஓம் என்றேன். அப்போது எனக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான். இங்கே பால்மா பைக்கற், அங்கே வேறு பைக்கற். இப்போது அப்படி இல்லை. திருத்திய அந்த வரியை நுஹா அலுமாரி செய்தவர்களுக்கே அனுப்பி வைத்தாள், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பங்களித்தவர்களின் பட்டியலில், எத்தனையோ நாட்டுப் பெயர்களுக்கு நடுவில் என் பெயர் இருக்கிறது. தேனுஜன் அச்சடித்துத் தந்தான். ஆங்கிலத்தில் ஒரு 'y' குறைவாகத்தான் போட்டிருக்கிறார்கள். திருத்தச் சொல்ல மனம் வரவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் நான் பிழை பார்த்த புத்தகங்களில் என் பெயர் ஒன்றிலும் வந்ததில்லை, தெரியுமோ? அதோடு, அடுத்த வருஷம் இன்னொரு பைத்தன் வரும், அதற்கடுத்த வருஷம் இன்னொன்று. வருகிற ஒவ்வொன்றையும் ஒன்றும் தெரியாத ஒருத்தி இருந்து பூட்டிப் பார்க்க வேண்டும். அந்தத் தகுதி உள்ள ஆள் இங்கே நான் ஒருத்திதான்.

ஆகவே டிக்கெட்டைக் கன்சல் பண்ணிவிடு. வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்த ஆட்களுக்கும் இல்லையென்று சொல்லிவிட்டேன். ரஜனி எனக்கென்று அறையில் புதுத் திரைச்சீலை போட்டதாக எழுதியிருந்தாள். அவளிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். நீங்கள் எல்லோரும் நோய் நொடியின்றி, வழுக்கும் பனியில் விழாமல், எழுதுவதில் ஒற்று மிகாமலும் குறையாமலும் பல்லாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அக்கா,
அன்னபாக்கியம்.

பி.கு.: தேனுஜன் இந்தப் பக்கங்களைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே நுஹா போனோடு ஓடி வந்தாள். அலுமாரி செய்கிறவர்கள் எல்லோரும் நவம்பர் மூன்றாம் வாரம் ஒன்றுகூடுகிறார்களாம். எண்ணத் தெரியாத அந்த வரி அவர்களுடைய வேறு இரண்டு கருவிகளிலும் இருந்ததாம். கண்டுபிடித்த ஆள் வந்து பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கூட்டம் உங்கள் டொரோண்டோவில்தான். நுஹாவுக்கு விசா இல்லை, தேனுஜனுக்கும் இல்லை. இப்போது போட்டால் தை மாதம்தான் வரும். கம்பனியில் கனடா விசா உள்ள ஒரே ஆள் நான்தான். ஆகவே டிக்கெட்டைக் கன்சல் பண்ணாதே. ஏற்கெனவே பண்ணியிருந்தால் உடனே அந்தக் கன்சலைக் கன்சல் பண்ணு. மேலே இருக்கிற கடைசி இரண்டு பந்தியையும் ரஜனிக்குக் காட்டாதே. திரைச்சீலை அப்படியே இருக்கட்டும். பதினாறு நாள் நிற்பேன், திரும்பி வர டிக்கெட் வேண்டும். இன்னொன்று. விமான நிலையத்தில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் "தம்பியைப் பார்க்க" என்று மட்டும் சொல்லுங்கோ அக்கா என்று நீ எழுதியிருந்தாய். இனி அது பாதி உண்மைதான். மற்றப் பாதியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எழுதி அனுப்பு, பாடமாக்கிக்கொண்டு வருகிறேன்.